வாசலில் போட்ட கதிரை

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் மருந்துச் சரக்குக் கடை வைத்திருக்கும் நஸீப் ஹாஜியாரின் குடும்பத்தில், பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணும் அந்த வீட்டுக் கஷாயம் குடிக்காமல் நாற்பது நாள் கழிந்து எழுந்ததில்லை. பெருமைக்காகச் சொல்வதல்ல, நடந்தது அப்படி. நான்கு தலைமுறையில் பதினேழு பெண்கள், நாற்பத்தொரு பிள்ளைப்பேறு. கொத்தமல்லி, வேர்க்கொம்பு, திப்பிலி, மரமஞ்சள் என்று இருபத்தொரு சரக்கு போட்டு, எட்டுக்கு ஒன்றாக வற்ற வைத்த கஷாயம். குடித்து முடித்ததும் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியை வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். கருப்பட்டியில்லாமல் கஷாயம் நீட்டுவது பகையாளிக்குச் செய்கிற வேலை என்பது அந்த வீட்டுச் சட்டம். பகையாளி எவரும் இதுவரை கஷாயம் கேட்டு வராததால் அந்தச் சட்டம் மீறப்படவில்லை.

ஹாஜியாரின் ஒரே மகள் இல்மாவை அக்குறணையில் கட்டிக் கொடுத்திருந்தது. அவளுக்கு இப்போது ஏழு மாதம். ஹாஜியாரின் மனைவி போன வருஷம் மௌத்தாகி அடக்கமும் ஆகிவிட்டபடியால் பேறுகாலம் பார்க்க இந்த வீட்டில் பெண் துணை இல்லை. சம்மந்தி கைரியா தன் வீட்டிலேயே பார்ப்பதாகச் சொன்னாள். அது நல்ல மனது. ஹாஜியார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கஷாயப் பேச்சை எடுத்தார்.

"நாநா, கொற நெனக்க வாணாம்," என்றாள் கைரியா. "இப்ப எல்லாத்துக்கும் சேர்ட்டிபிகட் ஈக்கிதானே. போன்ல போட்டீந்த, சேர்ட்டிபிகட் இல்லாத மருந்து குடிச்சா ஈரல் பழுதாகுமாம். நீங்க ஒரு துண்டுக் கடதாசி கொண்டாங்க. என்ட கையாலயே ஊத்திக் குடுக்கிறேன்."

"எங்கட உம்மா பதினொரு பிள்ளைக்கும் இதத்தான் குடிச்ச, தங்கச்சி."

"அவங்க மௌத்தாகிட்டாங்களே நாநா."

"எண்பத்தாறு வயசுல."

"எதால எண்டு ஆருக்குத் தெரியும்?"

ஹாஜியார் தேத்தண்ணீர்க் கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அக்குறணையிலிருந்து வந்த பஸ்ஸில் உட்கார இடமிருந்தும் அவர் உட்காரவில்லை. நான்கு தலைமுறைப் பேரை ஒரு கடதாசிக்குக் கீழே வைத்துவிட்டார்கள். சரி, அந்தக் கடதாசியையும் வாங்கிக் காட்டுவோம் என்று பாலத்தைத் தாண்டும்போது முடிவெடுத்தார்.

கண்டியிலிருந்து இன்னொரு பஸ் பிடித்து மேலே ஏறினால், பழைய தோட்டத் துரையின் பங்களா ஒன்றில் மூலிகைச் சாறுகள் பாதுகாப்பு மதிப்பீட்டு நிலையம் இருக்கிறது. நிலையம் தொடங்கி ஒன்பது ஆண்டாகிறது. இதுவரை எந்த மருந்தையும் அது பாதுகாப்பற்றது என்று சொன்னதில்லை. பாதுகாப்பானது என்றும் சொன்னதில்லை. இந்த நடுநிலைக்காக அதற்கு ஒரு விருது கிடைத்து, முன்னறையில் கண்ணாடி அலுமாரிக்குள் இருந்தது.

பணிப்பாளர் கலாநிதி துஷ்யந்தி யாழ்ப்பாணத்துக்காரி. மரியாதையாக உட்காரச் சொல்லி, ஹாஜியாரின் விண்ணப்பப் படிவத்தைக் கையில் எடுத்தார். பதினான்கு பக்கம். ஒன்பதாம் பக்கத்தில் 'இம்மருந்தை முன்னர் உட்கொண்ட உயிரினங்கள்' என்ற இடத்தில் ஹாஜியார் பதினேழு பெண்களின் பேரையும் முத்து முத்தாக எழுதியிருந்தார். துஷ்யந்தி அந்தப் பக்கத்தைக் குறுக்கே கோடிட்டு அடித்தார்.

"இது மனிதத் தரவு ஐயா. நாங்கள் எடுக்கிறேல்லை."

"மனிசருக்குத்தானே மிஸ் மருந்து?"

"ஓம். ஆனா மனிசர் கதைப்பினம். வயித்துக்குச் சுகம் எண்டு ஒரு ஆள் சொல்லும், இன்னொரு ஆள் இல்லையெண்டும். கதைக்கிற உயிரினத்தின்ர தரவை வைச்சு விஞ்ஞானம் செய்யேலாது. எலி கதைக்காது. அதாலதான் எலியில எங்களுக்கு நம்பிக்கை."

ஹாஜியார் கோடிட்ட பக்கத்தைத் தன் பக்கம் திருப்பி, பதினேழு பேரையும் ஒரு தரம் பார்த்தார். கதைத்தால் தன் தரவும் கெட்டுவிடுமோ என்று பயமாக இருந்தது.

"பிள்ளை பெத்த பொம்பிளையளுக்குரிய மருந்தெண்டபடியா, பிள்ளை பெத்த எலியிலதான் பாக்க வேணும்," என்று துஷ்யந்தி தொடர்ந்தார். "பன்னிரண்டு எலி. ஆறுக்குக் கஷாயம், ஆறுக்கு வெறும் தண்ணி. நீங்கள் நாப்பது நாள் எண்டு எழுதியிருக்கிறபடியா நாப்பது நாள். அதுக்கு முதல் ஒழுக்கவியல் குழு அனுமதிக்க வேணும்."

"குழு எப்ப கூடும் மிஸ்?"

"அதுதான் சிக்கல். ஏழு பேர் இருந்தாத்தான் கோரம், அப்பதான் கூட்டம் செல்லும். விஞ்ஞானம் தெரியாத பொதுமகன் ஒருத்தர் கட்டாயம் இருக்க வேணும். எங்கட பொதுமகன் மகனோட டோஹாவுக்குப் போய் ரெண்டு வருசம்." துஷ்யந்தி பேனையை வைத்துவிட்டு ஹாஜியாரை முதல் தடவையாக முழுசாகப் பார்த்தார். "நீங்கள் விஞ்ஞானம் படிச்சனீங்களோ?"

"இல்ல மிஸ். எட்டாம் வகுப்பு."

"நல்லதாப் போச்சு."

மூன்று வாரத்தில் நியமனக் கடிதம் பதிவுத் தபாலில் வந்தது. ஹாஜியார் அதைக் கடையில் சட்டம் போட்டு மாட்டினார். பக்கத்துக் கடைக்காரர் வந்து வாசித்து, "விஞ்ஞான அறிவு சற்றேனும் அற்றவர் எனக் குழு திருப்தியடைந்துள்ளது" என்ற வரியை இரண்டு தரம் உரத்துப் படித்தார். மறுநாள் சட்டம் சுவரில் இல்லை.

குழு கூடியது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஏழு கதிரையும் நிறைந்ததைக் கண்ட தலைவர், ஓய்வுபெற்ற பேராசிரியர், கண் கலங்கினார். முதலாவது விடயம், நஸீப் ஹாஜியாரின் கஷாயம்.

"விண்ணப்பதாரர் தம் சொந்த விடயம் ஆராயப்படும்போது சபையில் இருக்க முடியாது," என்றார் தலைவர். "தயவுசெய்து வெளியே இருங்கள்."

ஹாஜியார் வெளியே போனார். இரண்டு நிமிடத்தில் துஷ்யந்தி வந்து கூப்பிட்டார்.

"ஐயா, நீங்கள் வெளியில போனதும் ஆறு பேர். கோரம் இல்லை. உள்ளுக்கு வாங்கோ."

உள்ளே வந்து உட்கார்ந்தார். தலைவர் விடயத்தைத் திறந்து, ஹாஜியாரைக் கண்டு, மூடினார். வெளியே அனுப்பினார். இப்படி நாலு தரம் நடந்தது. நாலாம் தரம் ஹாஜியாருக்கு முழங்கால் வலித்தது. கடைசியில் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"கதிரையின் இரண்டு கால்கள் சபைக்கு உள்ளேயும் இரண்டு கால்கள் வெளியேயும் இருக்குமாறு வாசலில் போடலாம். உள்ளிருக்கும் கால்கள் கோரத்துக்கும், வெளியிலிருக்கும் கால்கள் நேர்மைக்கும் போதுமானவை."

அப்படியே போட்டார்கள். எழுபத்தொரு வயதில், ஹஜ்ஜுக்குப் போய் வந்த மனிதர், பள்ளிவாசலில் முதல் வரிசையில் நிற்கிறவர், நிலைப்படியில் பாதி உள்ளும் பாதி வெளியுமாக ஒன்றரை மணித்தியாலம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அனுமதி கிடைத்தது. கூட்டக் குறிப்பில் அவர் வருகை 'அரை' என்று பதிவாயிற்று.

எலிகளைப் பார்த்துக்கொள்கிறவன் ராஜலிங்கம். மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். பதினொரு வருஷமாக இங்கே அமய ஊழியன். அதாவது எந்த நாளும் 'நாளைக்கு வராதே' என்று சொல்லலாம். ஹாஜியாரைக் கண்ணாடி ஜன்னலண்டை கூட்டிப்போய்க் காட்டினான். உள்ளே குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு கூண்டு. ஒவ்வொன்றிலும் வயிறு பெருத்த ஒரு வெள்ளை எலி. கதவில் மூன்று மொழியில் அறிவித்தல்: 'தாய்மார் ஓய்வெடுக்கிறார்கள். சத்தமிடாதீர்.'

"எலிக்கு இருபத்தொரு நாளுங்க ஹாஜியார். நமக்குத்தான் பத்து மாசம்," என்றான் ராஜலிங்கம் கிசுகிசுத்த குரலில். "பெத்தா தனி மெத்த, காலையில பால்மா, ரெண்டு வேள டொக்டர் வந்து பாப்பாங்க. பேறுக்கு அப்புறம் ஒரு மாசத்துக்கு ஆளுங்க சப்பாத்த கழட்டிட்டுத்தான் உள்ள போகணும்."

"நல்ல விசயம்தானே."

"நல்லதுதாங்க. எம் பொண்டாட்டி லயத்துல பெத்தப்ப மேல கூரை ஒழுகிச்சு. பச்சப் புள்ளையோட கொழுந்து பறிக்கப் போனா." அவன் கூண்டுகளைப் பார்த்தான். "இதுக மேல எனக்குக் கோவமில்லீங்க. இதுகளா கேட்டுச்சு?"

எலிகள் பெற்றன. இரண்டு நாள் கழித்து இல்மாவும் பெற்றாள். பெண்பிள்ளை. ஹாஜியார் அக்குறணைக்கு ஓடி, பேத்தியின் காதில் பாங்கு சொல்லி, வாயில் ஒரு துளி தேன் தடவினார். இல்மாவின் முகம் வெளிறியிருந்தது.

"வாப்பா, கடதாசி எப்ப கெடைக்கும்?" என்று மெல்லக் கேட்டாள். "ஒடம்பெல்லாம் குளிருது. மாமி மோல்ட் கரைச்சுத் தாராங்க, நல்லாத்தான் பாக்கிறாங்க. எண்டாலும் உம்மா ஈந்தா இப்ப கஷாயம் வந்தீக்கும்."

"எலியளுக்கு நாப்பது முடிஞ்ச அண்டைக்குத் தருவாங்க மகள். ஒனக்கு நாப்பது முடிய ரெண்டு நாள் மிச்சம் ஈக்கும்."

கைரியா அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அதுக்குள்ள கொண்டாந்தா ஒரு கோப்பையாவது குடுப்போம் நாநா. நான் சொன்னா சொன்னதுதான்."

ஒரு கோப்பை போதும். நாற்பது கோப்பைக்கு ஒரு கோப்பை. ஆனாலும் பதினெட்டாவது பெண்ணும் குடித்தாள் என்று சொல்லலாம். எலிகள் பெற்ற நாள் முதலே ஹாஜியார் விடியற்காலை சுபஹு தொழுகை முடிந்ததும் அடுப்பு மூட்டி வந்தார். தன் வீட்டுப் பானையில், தன் கையால், ஆறு எலிகளுக்குக் கஷாயம் வற்றவைத்து, பிளாஸ்கில் ஊற்றி, இரண்டு பஸ் மாறிக் கொண்டுபோய்க் கொடுத்தார். புதிதாகக் காய்ச்சியதுதான் விதியாம். மகள் மோல்ட் குடித்தாள்.

முதல் நாள் கஷாயம் கொடுக்கிறதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தவருக்கு மனம் கேட்கவில்லை. மெல்லிய குழாயைத் தொண்டைக்குள் விட்டு, ஊசியால் அழுத்தினார்கள். எலி தலையை உதறிக்கொண்டு மூலைக்குப் போய்க் குட்டிகள் மேல் படுத்தது. வாயில் ஒரு இனிப்புக்கூட வைக்கவில்லை. நான்கு தலைமுறையில் அந்தக் கஷாயம் குடித்த ஒரு தாயை இப்படி வெறும் வாயோடு யாரும் அனுப்பியதில்லை.

மறுநாள் பிளாஸ்கோடு, கடதாசியில் சுற்றிய கித்துள் கருப்பட்டியும் வந்தது.

"இதெல்லாம் குடுக்கக்கூடாதுங்களே," என்றான் ராஜலிங்கம்.

"என்ட வூட்டுக் கஷாயத்த பகையாளிக்குக் குடுக்கிற மாதிரிக் குடுக்க ஏலா ராஜலிங்கம். ஒரு சின்னத் துண்டு. ஒரு பயறளவு."

ராஜலிங்கம் கருப்பட்டியை முகர்ந்து பார்த்தான். "சரிங்க. ஆனா ஆறுக்குக் குடுத்துட்டு மத்த ஆறையும் பாத்துக்கிட்டு இருக்கச் சொல்ல முடியாதுங்க. அதுகளும் புள்ள பெத்ததுகதான். பன்னெண்டுக்கும் குடுக்கிறேன்."

ஹாஜியாருக்கு அது நியாயமாகவே பட்டது. பந்தியில் பாதிப் பேருக்குப் பரிமாறிவிட்டு மற்றப் பாதியை விடுகிற வழக்கம் அவர் வீட்டிலும் இல்லை. இரண்டு வீட்டு நல்ல வளர்ப்பும் ஒன்றாய்ச் சேர்ந்து செய்த தவறு இது; விஞ்ஞானத்துக்கு இதைவிடப் பெரிய கேடு வரமுடியாது.

இருபத்தைந்தாம் நாள் எலிகளைத் தராசில் வைத்து நிறுத்தார்கள். பன்னிரண்டும் அட்டவணைக்கு மேலே பருத்து, ரோமம் பளபளத்துக் கிடந்தன. துஷ்யந்தி அறிக்கையைக் குழுவுக்கு வாசித்தார். ஹாஜியார் வாசற்கதிரையில் இருந்து கேட்டார்.

"கஷாயம் அருந்திய எலிகளும் வெறும் நீர் அருந்திய எலிகளும் சமமாகப் பருத்துள்ளன. ஆகவே இது கஷாயத்தால் வந்ததல்ல. இரு சாராருக்கும் பொதுவானது நீர் மாத்திரமே. நீர் பாதுகாப்பானது என்று இந்நிலையம் இதுவரை எண்ணி வந்தது. அந்த எண்ணத்துக்கு எழுத்தில் எவ்வித ஆதாரமும் இல்லை என்பது இப்போது தெரியவந்துள்ளது."

தலைவர் எழுந்து நின்றார்.

"ஒன்பது ஆண்டுகளாக நாம் காத்திருந்த தருணம் இது," என்றார். "எதையும் நம்பாதே என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் ஒவ்வொரு நாளும் தண்ணீர் குடித்தேன். வெட்கப்படுகிறேன்."

அன்று பின்னேரமே நிலையத்தின் குழாய்களைத் துணியால் சுற்றி அரக்கு முத்திரை வைத்தார்கள். தேநீர் நின்றது. 'மறு அறிவித்தல் வரை நீர் பாதுகாப்பற்றதாகக் கருதப்படும்' என்று வாசலில் பலகை மாட்டினார்கள். அன்று கண்டியில் நல்ல மழை. காவலாளி பலகைக்குக் கீழே நனைந்துகொண்டு நின்றான். நனைவது வெளிப்பாவனை என்பதால் அதற்குத் தடையில்லை.

நீர் விசாரணை முடியும்வரை கஷாயத்துக்குச் சான்றிதழ் இல்லை என்றார்கள். தன் வீட்டார் பொய்யில் கடதாசி வாங்கினார்கள் என்று நாளைக்கு ஒரு சொல் வரக்கூடாது என்று நினைத்த ஹாஜியார் துஷ்யந்தியின் மேசைக்கு முன் போய், உட்காராமல் நின்று சொன்னார்.

"மிஸ், எலியளுக்குக் கருப்பட்டி குடுத்த நான்தான். பன்னெண்டுக்கும். வேற ஆருக்கும் இதுல பங்கில்ல. பிழை என்ட மேலதான். தண்ணிய விடுங்க."

துஷ்யந்தி ஆறுதலாகச் சிரித்தார். "ஐயா, உங்கட நல்ல மனசு விளங்குது. ஆனா நீங்கள் சொல்லுறது மனிதத் தரவு. என்னால எடுக்கேலாது."

"எழுதித் தாரேன்."

"எழுதினாலும் மனிசர் எழுதினதுதானே ஐயா. பயப்பிடாதேங்கோ. தண்ணியா கஷாயமா எண்டு கண்டுபிடிக்க வழி இருக்கு. நாப்பதாம் நாள் எப்பிடியும் எலியளைத் திறந்து பாக்கிறதுதான். ஈரலைப் பாத்தாத் தெரிஞ்சிடும். பின்னேரமே உங்கட கையில சான்றிதழ்."

"தொறக்கிறதெண்டா?"

"முதல்ல நோகாமக் கொன்றுபோட்டுத்தான் திறப்பம் ஐயா. அதுக்கெல்லாம் ஒழுங்கு இருக்கு. படிவத்தில இருக்கே, பதின்மூண்டாம் பக்கம். நீங்கள் கையொப்பம் வைச்சனீங்கள்."

வைத்திருந்தார். பதின்மூன்றாம் பக்கம் வரும்போது அவருக்குக் கண் பஞ்சடைந்திருந்தது.

அன்றைக்கு ஹாஜியார் பஸ்ஸில் கட்டுகஸ்தோட்டையைத் தாண்டிப் போய்விட்டார், இறங்க நினைவில்லை. நாற்பதாம் நாள் அவர்கள் வீட்டில் என்ன நடக்கும் என்பது ஊருக்கே தெரியும். தாயைக் குளிப்பாட்டி, புதுச் சேலை உடுத்தி, பிள்ளையைக் கையில் கொடுத்து வெளியே கூட்டிவருவார்கள். கஷாயம் குடித்த பதினேழு பேரும் அந்த நாள் நடந்து வெளியே வந்தவர்கள். இந்த ஆறு பேரும் அப்படி வரமாட்டார்கள். எலிதானே என்று மனதுக்குச் சொல்லிப் பார்த்தார். எலிதான். ஆனால் அவர் கையால் காய்ச்சிய கஷாயத்தை நாற்பது நாள் குடித்தவை. அவர் பேரிலே ஆயத்தமாகிற மௌத்து.

நாற்பதாம் நாள் குழு கூடியது. இல்மாவுக்கு முப்பத்தெட்டாம் நாள். ஹாஜியாரின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. கைரியா ஒரு குரற்பதிவு அனுப்பியிருந்தாள். வெளியே நின்று காதில் வைத்துக் கேட்டார். "நாநா, கோப்பையக் கழுவி வெச்சீக்கி. கடதாசியோட வாங்க." பின்னால் குழந்தை அழுகிற சத்தம்.

கதிரை வாசலில் ஆயத்தமாக இருந்தது. உட்கார்ந்தார். கண்ணாடி ஜன்னலுக்கு அப்பால் ராஜலிங்கம் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கூண்டுகளுக்கு நடுவில் நின்றான். கையில் கையுறை. அவனுக்கும் உத்தரவு வந்துவிட்டது. அவன் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"பன்னிரண்டு எலிகளையும் திறப்பதற்குக் குழுவின் இறுதி அனுமதி," என்றார் தலைவர். "ஏழு பேரும் இருக்கிறோம். கை உயர்த்தினால் போதும்."

ஆறு கை உயர்ந்தது. எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள்.

ஹாஜியார் எழுந்தார். கதிரையின் முதுகைப் பிடித்துத் தூக்கி, மெதுவாகப் பின்வாங்கி, நாலு காலும் வெளியே விறாந்தையில் படும்படி வைத்தார். அதில் உட்கார்ந்து கைத்தடியை முழங்காலில் கிடத்திக்கொண்டார்.

துஷ்யந்தி வாசலுக்கு ஓடி வந்தார். "ஐயா, கதிரையை உள்ளுக்கு எடுங்கோ. கோரம் போகுது. உங்கட சான்றிதழ்தான் ஐயா, இண்டைக்கே தாறம்."

"இது என்ட சொந்த விசயம் மிஸ். சொந்த விசயத்துல உள்ளுக்கு ஈக்கக் கூடாது எண்டு நீங்கதானே சொன்னீங்க."

"அரைவாசி இருக்கலாம் எண்டு தலைவர் தீர்ப்புச் சொன்னவரெல்லோ."

"அரைவாசியும் ஏலா மிஸ். எங்கட வூட்டுக் கஷாயம் குடிச்ச எந்தத் தாயும் நாப்பதாம் நாள் மௌத்தானதில்ல. அந்தப் பேச்சு என்ட காலத்துல வரக்கூடா."

தலைவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். நீண்ட நேரம் புரட்டினார். கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. தீர்மானம் எட்டப்படும் வரை பரிசோதனை தொடர வேண்டும் என்பது விதி. ஆகவே எலிகளின் பால்மாவும் மெத்தையும் தொடர்ந்தன, கஷாயமும். காலையில் யார் கொண்டுவருவது என்பதில் எவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. குழாய்களின் முத்திரையும் அப்படியே இருந்தது.

ஜன்னலுக்கு அப்பால் ராஜலிங்கம் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

இரண்டு நாள் கழித்து ஹாஜியார் ஆறு எலிகளுக்குக் கஷாயம் கொடுத்துவிட்டு அக்குறணைக்குப் போனார். இல்மாவைக் குளிப்பாட்டிப் புதுச் சேலை உடுத்தி வைத்திருந்தார்கள். கைரியா அவர் கையைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். கழுவி வைத்திருந்த கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். அவள் எதையாவது சொல்லியிருந்தால் ஹாஜியாருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கெடைக்கல்லயா வாப்பா?" என்றாள் இல்மா.

"இல்ல மகள்."

அவர் சட்டைப் பையிலிருந்து கடதாசிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். கருப்பட்டித் துண்டு. இதற்குச் சேர்ட்டிபிகட் தேவை என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. இல்மா அதை வாயில் போட்டுக்கொண்டாள். கரையும்வரை குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கருப்பட்டியில்லாமல் கஷாயம் கொடுப்பது பகையாளிக்கு என்று அவர்கள் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார்கள். கஷாயமில்லாமல் கருப்பட்டி கொடுப்பது யாருக்கு என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.